அட்டை கடித்தால் ரத்தம் ஏன் நிற்பதில்லை?

கொடைக்கானல் போய் வந்தவர்கள் குளிரைப் பற்றிச் சொல்வார்கள். ஏரியைப் பற்றிச் சொல்வார்கள். ஆனால் மழைக்காலத்தில் அங்குள்ள சோலைக் காட்டுக்குள் நடந்து வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் முதலில் சொல்வது அட்டையைப் பற்றித்தான்!

பழனி மலையில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நல்ல மழை பெய்யும். அப்போது ஈரச் சருகுகளுக்குள்ளிருந்து அட்டை தலை நீட்டும். நூல் போல மெலிந்திருக்கும். மனிதனோ மாடோ நடந்து வந்தால் காலில் ஒட்டிக்கொள்ளும். அது கடிப்பதே பலருக்குத் தெரியாது. வயிறு நிறைய ரத்தம் குடித்து, மொச்சைக்கொட்டை போலப் பருத்து, தானே உதிர்ந்துவிடும்.

அட்டை போய்விட்டது. ஆனால் ரத்தம் நிற்கவில்லை! அரிவாள்மனையில் காய் நறுக்கும்போது விரலில் படும் சிறு வெட்டு சில நிமிடங்களில் நின்றுவிடுகிறது. அதைவிடச் சிறிய அட்டைக் கடியோ மணிக்கணக்கில் கசிகிறது. ஏன்?

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துகொண்டால், நம் உடம்புக்குள் இரவு பகலாக நடக்கும் ஓர் அதிசய வேலை விளங்கும். சில சமயம் அது உயிரையும் காப்பாற்றும்.

உடைந்த கரை

வாய்க்கால் கரை உடைந்தால் குடியானவர் என்ன செய்கிறார்? கைக்குக் கிடைத்த கல்லையும் மண்ணையும் போட்டு முதலில் வாயை அடைக்கிறார். பிறகு முள்ளும் வைக்கோலும் வைத்துப் பின்னி, அதை இறுக்குகிறார்.

உடம்பும் இதையேதான் செய்கிறது. ரத்தக்குழாய் அறுந்ததும், முதலில் அந்தக் குழாய் சுருங்குகிறது. அடுத்து தட்டணுக்கள் ஓடி வருகின்றன. இவை ரத்தத்தில் மிதக்கும் மிகச் சிறிய துணுக்குகள். குண்டூசித் தலை அளவு ரத்தத்தில் 1½ லட்சம் முதல் 4 லட்சம் வரை இருக்கும். இவை காயத்தின் வாயில் ஒட்டி, ஒன்றோடொன்று சேர்ந்து அடைத்துக்கொள்கின்றன. இதுதான் கல்லும் மண்ணும்.

ஆனால் இந்த அடைப்பு வலுவானது அல்ல. அதைக் கட்டுவதற்கு நூல் வேண்டும். சர்க்கரை தண்ணீரில் கரைந்திருப்பது போல, அந்த நூலுக்கான சரக்கு ரத்தத்திலேயே கரைந்திருக்கிறது. அதன் பெயர் பைப்ரினோஜன். காயம் பட்ட இடத்தில் திராம்பின் என்ற பொருள் உண்டாகிறது. அது பைப்ரினோஜனைத் தொட்டதும், கரைந்திருந்த சரக்கு நூல் நூலாகத் திரண்டு வலை போலப் பின்னிக்கொள்கிறது. ரத்த அணுக்கள் அந்த வலையில் சிக்கிக்கொள்கின்றன. ரத்தம் உறைந்துவிட்டது!

இந்த வேலையில் பங்கு கொள்ளும் பொருள்கள் சுமார் 12. அவற்றில் பெரும்பாலானவற்றைக் கல்லீரல் தயாரிக்கிறது. சிலவற்றுக்கு வைட்டமின் 'கே' தேவை. நாம் தினமும் சாப்பிடும் கீரையில் அது நிறைய இருக்கிறது.

அட்டையின் தந்திரம்

இப்போது அட்டையின் தந்திரம் புரிந்துவிடும். குடிக்கும் ரத்தம் உறைந்துவிட்டால் அட்டைக்குச் சாப்பாடு ஏது? ஆகவே கடிக்கும்போதே அது தன் எச்சிலைக் காயத்துக்குள் விடுகிறது. அந்த எச்சிலில் உள்ள ஒரு பொருள் திராம்பினைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. திராம்பின் இல்லாவிட்டால் நூல் இல்லை. நூல் இல்லாவிட்டால் வலை இல்லை!

1884-ஆம் ஆண்டில் ஹேகிராப்ட் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, அட்டையிடம் ரத்தத்தை உறையவிடாத பொருள் இருப்பதைக் கண்டுபிடித்தார். குளத்து அட்டையில் உள்ள அந்தப் பொருளுக்குப் பிறகு ஹிருடின் என்று பெயர் வைத்தார்கள். காட்டு அட்டையிலும் இதே வேலையைச் செய்யும் பொருள் உண்டு.

அட்டை கடித்தால் பயப்பட வேண்டாம். வெடுக்கென்று பிடித்து இழுக்கவும் வேண்டாம். நகத்தை அதன் வாய்க்கு அடியில் செலுத்தித் தள்ளினால் விட்டுவிடும். காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, சுத்தமான துணியால் நன்றாக அழுத்திப் பிடியுங்கள். அட்டையின் எச்சில் கழுவிப் போனதும் ரத்தம் நின்றுவிடும்.

கட்டியது பிறகு கரைய வேண்டும்

கரையை அடைத்தாகிவிட்டது. போட்ட முள்ளும் மண்ணும் வாய்க்காலுக்குள்ளேயே கிடந்தால் தண்ணீர் எப்படிப் பாயும்? வேலை முடிந்ததும் அவற்றை அள்ளிவிட வேண்டும் அல்லவா?

உடம்பு இதற்கும் முன்கூட்டியே ஏற்பாடு செய்திருக்கிறது. வலை பின்னும்போதே, அதை அறுக்கும் கத்தரிக்கோலையும் உள்ளே வைத்துப் பின்னிவிடுகிறது! பிளாஸ்மினோஜன் என்ற பொருள் அந்த வலைக்குள் தூங்கிக்கொண்டிருக்கும். காயம் ஆறி வரும்போது ரத்தக்குழாயின் சுவர் ஒரு பொருளை அனுப்பி அதை எழுப்புகிறது. விழித்ததும் அது பிளாஸ்மின் ஆகி, நூல்களைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. கட்டி கரைகிறது. வழி திறக்கிறது.

கட்டுவதும் கரைப்பதும் தராசின் இரண்டு தட்டுகள். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அபாயம்தான்.

களஞ்சியம் காலியானால்

மலையிலிருந்து இறங்கி அடிவாரத்து வயல்களுக்கு வருவோம். இங்கே அட்டையைவிடக் கொடிய ஒரு பிராணி இருக்கிறது. அதுதான் கண்ணாடி விரியன்.

அதன் விஷம் ரத்தத்தை உறையவிடாமல் தடுப்பதில்லை. மாறாக, உடம்பு முழுவதும் ஒரே நேரத்தில் உறையத் தூண்டுகிறது! ஒரு வருஷத்து நெல்லை ஒரே நாள் விருந்தில் தீர்த்துவிட்டால் மறுநாள் களஞ்சியத்தில் என்ன இருக்கும்? அது போல நூலுக்கான சரக்கு முழுவதும் வீணாகத் தீர்ந்துவிடுகிறது. அதன் பிறகு ரத்தம் உறையவே உறையாது. பல் ஈறிலும், சிறுநீரிலும், மூளைக்குள்ளும்கூட ரத்தம் கசியலாம்.

இதைக் கண்டுபிடிக்க டாக்டர்களிடம் மிக எளிய சோதனை ஒன்று உண்டு. புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் நோயாளியின் ரத்தம் கொஞ்சம் எடுத்து, 20 நிமிஷம் அசைக்காமல் வைக்கிறார்கள். பிறகு குழாயைச் சாய்த்துப் பார்க்கிறார்கள். ரத்தம் உறைந்திருக்க வேண்டும். தண்ணீர் போல ஓடினால், விரியன் விஷம் வேலை செய்கிறது என்று அர்த்தம். உடனே விஷமுறிவு மருந்து ஏற்றுகிறார்கள்.

அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தைச் சேகரித்துத் தருகிறவர்கள் இருளர் மக்கள். கொடைக்கானல் பள்ளியில் படித்த ரோமுலஸ் விட்டேகர், 1978-ல் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமையத் துணை நின்றார். அந்தச் சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

ஆச்சரியம் கேளுங்கள்! உயிரைக் குடிக்கும் இந்த விஷமே மருந்தாகவும் பயன்பட்டிருக்கிறது. பிறவியிலேயே ரத்தம் சரியாக உறையாத நோயாளிகளின் காயத்தில், கண்ணாடி விரியன் விஷத்தை மிக மிக நீர்க்கச் செய்து தடவினால் ரத்தம் நிற்கிறது என்று 1934-ல் லண்டன் டாக்டர் மக்பார்லேன் காட்டினார்.

பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டாதீர்கள். கீறாதீர்கள். வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். உறையாத ரத்தத்தில் ஒரு கீறலே உயிருக்கு உலையாகலாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, உடனே 108-ஐ அழைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். மந்திரிப்பதில் கழியும் நேரம் திரும்பி வராது.

தேவையில்லாத இடத்தில்

தராசு மறு பக்கம் சாய்ந்தால்? காயமே இல்லாத இடத்தில் ரத்தம் கட்டிக்கொள்ளும். இருதயக் குழாயில் கட்டினால் மாரடைப்பு. மூளைக் குழாயில் அடைத்தால் பக்கவாதம்.

நெடுநேரம் கால்களை அசைக்காமல் உட்கார்ந்திருந்தால் காலின் ரத்தக்குழாயிலும் கட்டலாம். அது பிய்ந்து நுரையீரலுக்குப் போனால் ஆபத்து. 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் இந்த அபாயம் சுமார் இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் தெரிவித்தது. அப்படியும் 6,000 பேரில் ஒருவருக்குத்தான் வரும். ஆகவே பயம் வேண்டாம், கவனம் போதும். சென்னையிலிருந்து கொடைக்கானல் 500 கிலோமீட்டருக்கு மேல். வழியில் பஸ் நிற்கும்போது இறங்கிச் சற்று நடங்கள். உட்கார்ந்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் அசையுங்கள். தண்ணீர் குடியுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சுத் திணறினாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

கட்டியைக் கரைக்க இன்று ஊசி மருந்து இருக்கிறது. உடம்பில் தூங்கும் அந்தக் கத்தரிக்கோலை எழுப்புவதுதான் அதன் வேலை. ஆனால் பக்கவாதத்தில் 4½ மணி நேரத்துக்குள் அதைப் போட வேண்டும். வாய் கோணினாலும், ஒரு கை துவண்டாலும், பேச்சுக் குளறினாலும், "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று படுக்க வைத்துவிடாதீர்கள். மார்பு வலிக்கும் இதே எச்சரிக்கைதான்.

ரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் தாங்களாகவே நிறுத்தக் கூடாது. பல் பிடுங்கும்போதும் அறுவைச் சிகிச்சையின்போதும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அடுத்த முறை உங்கள் குழந்தை முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தால், ஆறி வரும் பொருக்கைப் பிய்க்க விடாதீர்கள். அதற்கடியில் கரை கட்டும் வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. வேலை முடிந்ததும் அது தானே உதிரும்.