எழுதப் பழகும் மாணாக்கர்

ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கத்துத் துறைமுகத் தொழிலாளர், மீனவர் வீட்டுப் பிள்ளைகளில் பலர், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கலாசாலை வாயில் மிதித்தவர்கள். எழுத்தைத் திருத்திச் சொல்ல வீட்டில் ஆளில்லாத இவர்கள், கைபேசியில் இணையப் பாடங்களை நாடுவதில் வியப்பென்ன? 2017-ல் மத்திய சர்க்கார் தொடங்கிய ‘ஸ்வயம்’ பாடங்களைக் கட்டணமின்றிப் படிக்கலாம். பரீட்சைக்கு மட்டுமே பணம். ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை இவ்வழியே பயில, பல்கலைக்கழக மானியக் குழு 2021-ல் அனுமதித்தது. நல்ல ஏற்பாடுதான். ஆயின் வாரப் பயிற்சிகளில் பெரும்பாலானவை, நான்கு விடைகளில் ஒன்றைக் குறிப்பதோடு முடிகின்றன. குறியிடுவது எழுத்தாகுமா?

இது வெறும் மார்க்கு விஷயமன்று. 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவி, வலைகளும் படகுகளும் பாழாயின. விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது; அங்கே காகிதங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். தன் குப்பத்தின் நஷ்டத்தைப் பிழையற எடுத்தெழுத மீனவர் வீட்டுப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? கலெக்டருக்குத் தமிழில் எழுதும் மனுவுக்கும் இது பொருந்தும்.

ஆகவே, இணையப் பாடம் கேட்கும் மாணாக்கரை வாரம் ஒரு பக்கமேனும் எழுதச் செய்து, அதைச் சிவப்பு மையால் திருத்தித்தர உபாத்தியாயருக்குக் கலாசாலைகள் தனியே நேரம் ஒதுக்கவேண்டும். அந்நேரம் இல்லாவிடின், பெரிய வகுப்பில் ஒற்றை ஆளாய் நிற்கும் அவரும்தான் என் செய்வார்!