கத்திரி வெயில் அறியாத சென்சார்

மைக்ரோகண்ட்ரோலர் என்பது கணக்கிடும் பகுதி, நினைவகம், வெளியுலகத்தோடு தொடர்புகொள்ளும் முனைகள் ஆகியவை ஒரே சில்லில் அடங்கிய சிறு கணினி. அதற்கென எழுதிய நிரலை, வன்பொருள் ஏதுமின்றித் திரையிலேயே ஓடவிட்டுச் சோதிக்க உதவும் மென்பொருளே சிமுலேட்டர். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் கணினிப் பொறியியல் மாணவர்கள் 8051 சில்லுக்கான அசெம்பிளி மொழிப் பயிற்சிகளை முதலில் சிமுலேட்டரில் செய்துவிட்டு, அதன் பிறகே ஆர்டுயினோ என்னும் மைக்ரோகண்ட்ரோலர் பலகைக்கு வருகின்றனர். சென்னை ராயப்பேட்டையிலிருந்து அண்ணா சாலையைக் கடந்தால், மின்னணுப் பாகங்கள் விற்கும் ரிச்சி தெருவில் வேண்டிய சென்சாரை வாங்கிவிடலாம் என்றாலும், இணைப்பு மாறி எரிந்துபோகும் ஒவ்வொரு பலகைக்கும் மறுபடி காசு கொடுக்க வேண்டியிருப்பதால், கடைத்தெரு பக்கத்தில் இருக்கும் மாணவருக்கும் இந்த ஒத்திகை அவசியமாகிறது.

நிரலை மட்டுமன்றிச் சர்க்யூட்டையும் கணினியில் ஒத்திகை பார்க்கலாம். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து 1973இல் வெளிவந்த ஸ்பைஸ் என்னும் நிரல், மின்தடை, மின்தேக்கி, டிரான்சிஸ்டர் ஆகியவற்றைச் சமன்பாடுகளாக்கிச் சர்க்யூட்டின் மின்னழுத்தங்களைக் கணக்கிட்டது. பிரிட்டனின் லேப்சென்டர் நிறுவனம் உருவாக்கிய புரோட்டியஸ், அத்தகைய கணக்கோடு சில்லுக்குள் ஓடும் கட்டளைகளையும் சேர்த்தே இயக்குகிறது.

சந்தைக்கு வரும் எல்லாப் பாகங்களும் புரோட்டியஸில் இருப்பதில்லை. அக்குறையை, வெளியார் எழுதித் தரும் லைப்ரரிகள், அதாவது பாகங்களின் படமும் நடத்தையும் அடங்கிய கோப்புத் தொகுப்புகள், நிரப்புகின்றன. அவற்றை உரிய ஃபோல்டரில் போட்டு மென்பொருளை மூடித் திறந்தால், புதிய பாகம் பட்டியலில் சேர்ந்துவிடும். மாணவர்கள் அதிகம் பயன்படுத்தும் ஹெச்சி-எஸ்ஆர்04 என்னும் தூரம் அளக்கும் சென்சாரை எடுத்துக்கொண்டால், உண்மையான பாகம் 40 கிலோஹெர்ட்ஸ் ஒலித்துடிப்புகள் எட்டை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைத் தெரிவிக்கிறது. திரையில் காற்றும் இல்லை, எதிரே சுவரும் இல்லை என்பதால், பரவலாகப் புழங்கும் ஒரு லைப்ரரியில் இந்தச் சென்சாருக்கு நிஜத்தில் இல்லாத ஒரு சோதனை முனை சேர்க்கப்பட்டுள்ளது. அதில் இணைத்த மாறுமின்தடையைத் திருகினால் தூரம் மாறுகிறது. அது மட்டுமன்றி, அந்தச் சென்சாருக்கே தனியாக ஒரு ஹெக்ஸ் கோப்பை, அதாவது சில்லு நேரடியாகப் படிக்கும் இயந்திர மொழி நிரலை, ஏற்ற வேண்டியிருக்கிறது. சென்சாரைப் போல நடிப்பதும் ஒரு நிரலே என்பதும், அதை எழுதியவர் நினைத்துப் பார்த்த அளவுக்கு மட்டுமே அது நிஜத்தை ஒத்திருக்கும் என்பதும் இதிலிருந்து புலப்படும். ஆய்வகங்களில் போதிய அழுத்தம் பெறாத செய்தி இதுவே.

புரோட்டியஸில் சில்லுகளின் மின்வழங்கல் முனைகள் பெரும்பாலும் மறைந்திருந்து தாமாகவே இணைந்துகொள்கின்றன. கடிகாரத் துடிப்பு தரும் கிரிஸ்டலை வரையாமல் விட்டாலும், அமைப்புப் பெட்டியில் குறித்த வேகத்தில் சில்லு ஓடிவிடுகிறது. இதனால் மின்வழங்கலைப் பற்றி யோசிக்காமல், திரையில் குறையின்றி ஓடிய மோட்டார் சர்க்யூட்டை அப்படியே பலகையில் ஏற்றும் மாணவர், மோட்டார் சுழலத் தொடங்கியதும் மின்னழுத்தம் சரிந்து சில்லு மறுபடி முதலிலிருந்து தொடங்குவதைக் கண்டு, குற்றமற்ற நிரலில் குற்றம் தேடுவார்.

வெப்பநிலையும் இவ்வாறே விடுபடுகிறது. காற்றில் ஒலியின் வேகம் 20 டிகிரியில் நொடிக்கு 343 மீட்டர் என்றால், ராயப்பேட்டையில் கத்திரி வெயில் 40 டிகிரியைத் தொடும் நாளில் அது ஏறத்தாழ 355 மீட்டர் ஆகிவிடும். ஒரு சென்டிமீட்டர் தூரத்துக்கு ஒலி போய்வர 58 மைக்ரோநொடி என்ற வழக்கமான கணக்கைக் கொண்ட நிரல், அந்த வெயிலில் 100 சென்டிமீட்டர் தூரத்தைச் சுமார் 97 என்று காட்டும். சோதனை முனையைத் திருகும் மாணவருக்கு இந்தப் பிழை ஒருநாளும் தென்படாது. லைப்ரரியைப் பயன்படுத்துவதோடு நில்லாமல், வெப்பநிலைக்கென இரண்டாவது முனை கொண்ட சென்சார் ஒன்றை மாணவரே நிரலாக எழுதிப் பார்ப்பது பாடத்தில் ஒரு பயிற்சியாக இடம்பெறத் தக்கது. அதற்கு, மேற்கண்ட இரு வேகங்களிலிருந்து கிடைக்கும் எளிய கணக்கு, அதாவது ஒரு டிகிரி கூடினால் வேகம் நொடிக்கு 0.6 மீட்டர் கூடும் என்பது, போதுமானது.