பக்கவாதத்திற்குப் பின் யாரிடம் செல்வது?

எந்த மருத்துவர்?

பக்கவாதத்தில் உயிர் பிழைத்தவரும் தண்டுவடத்தில் அடிபட்டவரும் மீண்டும் நடக்கவும், தம் கையால் உண்ணவும், சட்டைப் பித்தானைத் தாமே போட்டுக்கொள்ளவும் வழிசெய்யும் துறை புனர்வாழ்வு மருத்துவம் எனப்படும். எம்.பி.பி.எஸ். முடித்து இத்துறையில் மூன்றாண்டு எம்.டி. பயின்ற மருத்துவர், இறுகிய தசைக்கு ஊசி போடுவதா, காலுக்கு எவ்வகைத் தாங்கி பொருத்துவது என்பவற்றை முடிவு செய்ய, மக்கள் 'பிசியோ' எனச் சுருக்கியழைக்கும் இயன்முறை சிகிச்சையாளர் பயிற்சியளிக்கிறார். ஒருவர் இருந்தால் மற்றவர் தேவையில்லை என்று கருதுவது தவறு.

எங்கே தேடுவது?

திண்டிவனம்–மரக்காணம் சாலையிலுள்ள பெருமுக்கல் போன்ற ஊரில் இத்துறையின் பெயர்ப்பலகையைத் தேடி அலைவதைவிட, சிகிச்சை பெற்ற மருத்துவமனையிலேயே, வீட்டுக்கு அனுப்பும் சீட்டு எழுதப்படும் முன், பரிந்துரைக் கடிதம் கேட்டுப் பெறுவதே பயன் தரும்; பக்கவாதத்தில் பெருமளவு முன்னேற்றம் முதல் சில மாதங்களிலேயே நிகழ்வதால் இதில் தாமதம் கூடாது. அருகிலுள்ள புதுச்சேரி ஜிப்மரில் இதற்கெனத் தனித்துறை உண்டு, சென்னை கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவமனை இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வு நிலையத்தை 1966-இல் உருவாக்கிய மருத்துவர் மேரி வர்கீஸ், 1954-இல் விபத்தில் கால்கள் செயலிழந்தபின் சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை சிகிச்சை செய்தவர் என்பது இத்துறையின் இயல்பை விளக்கப் போதுமானது. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிக்கும் ஏற்பாடும் இருப்பதால், அடிக்கடி பயணம் செய்ய இயலாதவர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

செயலிழந்த கையைப் பிடித்திழுத்து நோயாளியைத் தூக்குவது உறவினர் அன்பினால் செய்யும் பிழை. தசைகளின் பிடி தளர்ந்த தோள்மூட்டு கையின் எடையாலேயே கீழே நழுவத் தொடங்குமாதலால், இழுக்கும்போது அது மேலும் விலகித் தீராத வலியைத் தரும். படுக்கையிலேயே இருப்பவரை இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகிலும் இடுப்பிலும் படுக்கைப்புண் உண்டாகும்.

மருத்துவரிடம் நோயாளியின் தொழிலையும் சொல்ல வேண்டும். மரக்காணம் உப்பளத்தில் நீண்ட கைப்பிடிப் பலகையால் உப்பு வாருபவருக்கு, நிற்கும் நிலைப்பும் இரு கைகளின் பிடியும் ஒருசேரத் தேவை; பாதம் மரத்துப்போயிருந்தால், உப்புநீர் பட்டாலும் புண் எரியாது என்பதால், தக்க காலணி அணியாமல் பாத்தியில் இறங்கக் கூடாது.