ஹெட்போனில் பேஸ் கிட்டார்ப் பயிற்சியும் செவி நலமும்

ஹெட்போன் அணிந்து எலக்ட்ரிக் பேஸ் கிட்டார் பயின்றால் வீட்டாரின் உறக்கம் கெடாது. ஆனால், பயில்பவரின் செவிக்கு அது அமைதியான பயிற்சி அன்று. பேஸின் தடித்த தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அத்தகைய தாழ்ந்த ஒலியை மனிதச் செவி மந்தமாகவே உணரும். அதனால் ஒலியளவைக் கூட்டத் தோன்றும். தடுக்க அண்டை வீட்டாரின் புகாரும் இராது.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கும் வரம்பு, 80 டெசிபல் ஒலியில் வாரத்திற்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்நேரம் பாதியாகக் குறையும். உட்செவியில் அழிந்த மயிர்ச் செல்கள் மீண்டும் வளர்வதில்லை.

பேஸ் கேட்கவில்லையெனில், உடன் ஒலிக்கும் பாடலைக் குறைக்கவும். ஒலியளவை முற்றிலும் குறைத்த பின்னரே வயரைச் செருகவும். காது இரைச்சல் மறுநாளும் நீடித்தால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரை அணுகவும்.