கதவுக்கு வர்ணமா, மெருகா?

வீட்டில் கல்யாணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவருக்கு என்ன நிறம் என்பதில் அவ்வளவாகச் சண்டை வராது. வாசற் கதவின் அருகே வந்ததும்தான் குடும்பம் இரண்டு கட்சியாகப் பிரியும். "நல்ல எனாமலாக வாங்கி இரண்டு கை அடித்துவிட்டால் பளிச்சென்று இருக்கும். அப்புறம் பல வருஷத்துக்குக் கவலை இல்லை" என்பார் வீட்டுக்காரர். "தேக்குக் கதவுக்குப் போய்ப் பச்சை வர்ணமா? தாத்தா காலத்துக் கதவு! பாலிஷ் போடுங்கள்" என்பாள் வீட்டுக்காரி.

இரண்டு பேர் கட்சியிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இது வெறும் ரசனையைப் பொறுத்த விஷயம் அல்ல. அது என்ன மரம், வெயிலும் மழையும் அதன்மேல் எவ்வளவு படுகின்றன, ஏற்கனவே அதன்மேல் என்ன பூசியிருக்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் தெரிந்தால், சண்டைக்கே இடம் இராது.

மூன்று வழிகள்

மரத்தைக் காப்பாற்ற மூன்று வழிகள் உண்டு. முதலாவது, வர்ணம். இது மரத்தின்மேல் ஒரு போர்வையைப்போல் மூடிக்கொள்கிறது. வெயிலையும் தண்ணீரையும் தடுப்பதில் இதற்கு நிகர் இல்லை. மரத்தின் ரேகைகள் மறைந்து போவது ஒன்றே குறை.

இரண்டாவது, பாலிஷும் வார்னிஷும். இவையும் போர்வைதான், ஆனால் கண்ணாடிப் போர்வை. மரத்தின் அழகு அப்படியே தெரியும். நம் ஊர்த் தச்சர்கள் போடும் பிரெஞ்சு பாலிஷ், பெயரில்தான் பிரெஞ்சு. அதற்கு வேண்டிய அரக்கு நம் நாட்டுப் பூச்சி தருவது. ஜார்க்கண்ட் காடுகளில் அது நிறையக் கிடைக்கிறது. பாண்டவர்களுக்காகத் துரியோதனன் கட்டுவித்தானே மாளிகை, அதே அரக்குதான்! அதை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப்பந்தால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுகிறார்கள்.

மூன்றாவது, எண்ணெயும் சாயமும். ஆளி விதை எண்ணெய், மரச் சாயம் என்று கடையில் விற்கும் 'ஸ்டெயின்' முதலியவை இந்த வகை. இவை மேலே படிவதில்லை, மரத்துக்குள் ஊறிவிடுகின்றன. பளபளப்பு குறைவு. ஆனால் மேலே ஏடு இல்லாததால் உரிவதற்கும் ஒன்றும் இல்லை. நிறம் மங்கினால் துடைத்துவிட்டு இன்னொரு கை பூசினால் போதும்.

உரிவது ஏன்?

மரத்தை அறுத்துக் கதவாக்கின பிறகும் அது சும்மா இருப்பதில்லை. மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்துக்கொண்டு உப்பும், கோடையில் சுருங்கும். ஐப்பசியில் கதவு நிலையில் மாட்டிக்கொண்டு அடம் பிடிப்பதும், சித்திரையில் அதே கதவு லொடலொடவென்று ஆடுவதும் நமக்குத் தெரிந்ததுதானே! ரேகையின் குறுக்கே தான் இந்த அசைவு அதிகம். நீளவாக்கில் மிகக் கொஞ்சம். இந்த ஆட்டத்துக்கு ஈடு கொடுக்க முடியாத வர்ணம் வெடிக்கிறது. வெடிப்பின் வழியாகத் தண்ணீர் உள்ளே போகிறது. போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் வர்ணத்தைக் கொப்புளமாகத் தள்ளுகிறது. பிறகு பொருக்குப் பொருக்காக உரிய வேண்டியதுதான்.

வார்னிஷ் உரிவதற்குக் காரணம் வேறு. கண்ணாடிப் போர்வை அல்லவா? வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்கள் அதற்குள் புகுந்து, அடியில் இருக்கும் மரத்தின் மேற்பரப்பையே அரித்துவிடுகின்றன. பிடிமானம் போன பிறகு வார்னிஷ் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? மேற்குப் பார்த்த வாசலில் ஆசையாக வார்னிஷ் அடித்தவர்கள் ஒன்றிரண்டு கோடைக்குள் அது வெளுத்து உரிவதைப் பார்த்து, "கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்" என்று வைவார்கள். பாவம், அவன் மேல் தப்பில்லை. வெயிலின் வேலை அது.

பாலிஷா, வர்ணமா: எதற்கு எது?

தாழ்வாரமோ போர்ட்டிகோவோ இருந்து, நேர் வெயிலும் சாரலும் படாத தேக்குக் கதவானால், வீட்டுக்காரியின் கட்சியே ஜயித்தது. பாலிஷோ எண்ணெயோ போடலாம். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. வேலை தொடங்குமுன் தின்னரில் நனைத்த துணியால் ஒரு முறை துடைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பூச்சு சரியாக ஒட்டாது.

வெயில் நேராகக் காயும் கதவு, மாமரம் போன்ற சாதாரண மரத்தில் செய்த ஜன்னல், பட்டி வைத்து ஓட்டை அடைத்த பழைய பலகை, இவற்றுக்கெல்லாம் வர்ணமே உத்தமம். அங்கே வீட்டுக்காரர் கட்சிக்கு வெற்றி. மேற்குப் பார்த்த கதவுக்குக் கருநிறங்கள் வேண்டாம். அவை வெயிலை உறிஞ்சிச் சூடேறி, வர்ணத்தின் ஆயுளைக் குறைத்துவிடும்.

கூடத்து ஊஞ்சற் பலகைக்குப் பிரெஞ்சு பாலிஷ் பார்க்க அழகுதான். ஆனால் சூடான காப்பி டம்ளரை அதன்மேல் வைத்தால் வெள்ளை வட்டம் விழுந்துவிடும். அரக்குக்குச் சூடும் ஆகாது, ஈரமும் ஆகாது. மேலே டம்ளர் வைக்கும் வழக்கம் உள்ள வீட்டில் பாலியூரிதேன் வார்னிஷ் போடுவது புத்திசாலித்தனம்.

இப்போது அடுக்குமாடி வீடுகளின் பால்கனியிலும் மொட்டை மாடியிலும் மரத் தளம் போடுகிறார்கள். அதற்கு வர்ணமும் வேண்டாம், வார்னிஷும் வேண்டாம். படுக்கை வசமாக இருக்கும் பலகையில் தண்ணீர் வடியாமல் நிற்கும். போதாததற்கு அதன்மேல் நடக்கவும் செய்கிறோம். எந்தப் போர்வையும் அங்கே நாள்பட நிற்காது. மரத் தளம் சகஜமாக உள்ள அமெரிக்காவிலும், 1910-ல் மாடிசன் நகரில் தொடங்கிய அரசாங்க மர ஆராய்ச்சிக் கூடம், ஊறிப் போகும் சாயத்தையே இதற்குச் சிபாரிசு செய்கிறது.

நிலைப்படிக்குத் தனி கவனம்

நம் வீடுகளில் அதிகமாக அடிபடுவது நிலைப்படிதான். தினம் காலையில் வாசல் தெளிக்கும்போது அதற்கும் ஸ்நானம்! வெள்ளிக்கிழமை மஞ்சள், குங்குமம். போகிறவர் வருகிறவர் காலடி வேறு. மஞ்சள் பூசும் படியை எண்ணெய் ஊற்றி ஊற விடுவது ஒரு வழி. மஞ்சள் நிற எனாமல் அடித்து, மேலே சிவப்பில் கோலம் எழுதிவிடுவது இன்னொரு வழி. எதைச் செய்தாலும், படியும் நிலைக்கால்களும் சேரும் மூலையில் தண்ணீர் தேங்காமல் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். நிலை உளுத்துப் போவது பெரும்பாலும் அந்த மூலையில்தான் ஆரம்பிக்கும்.

கதவின் அடி விளிம்பையும் மறந்துவிடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத இடம் என்று வர்ணக்காரர்கள் அதை விட்டுவிடுவது உண்டு. கழுவும் தண்ணீரைக் கதவு குடிப்பது அந்த விளிம்பின் வழியாகத்தான். கதவைக் கழற்றும் சந்தர்ப்பம் வாய்த்தால், முதலில் அதற்கு இரண்டு கை பூசச் சொல்லுங்கள்.

இரண்டு சோதனைகள்

இருக்கும் பூச்சு இன்னும் தாங்குமா என்று தெரிய வேண்டுமா? பாலிஷ் போட்ட மரத்தில் நாலு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். முத்து முத்தாக நின்றால் கவலை இல்லை. உடனே உள்ளே இழுத்துக்கொண்டால் மறுபூச்சுக்கு வேளை வந்துவிட்டது. வர்ணமானால், கத்தி முனையால் சிறிதாக ஒரு பெருக்கல் குறி கீறி, அதன்மேல் ஒட்டு நாடாவை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். நாடாவோடு வர்ணமும் வந்தால், அதன்மேல் புது வர்ணம் அடிப்பது காசைக் கரியாக்குவதாகும். பழையதைச் சுரண்டியே தீர வேண்டும்.

சுரண்டுமுன் ஜாக்கிரதை!

இங்கேதான் தாய்மார்கள் மிகவும் விழிப்பாக இருக்க வேண்டும். பழைய எனாமல் வர்ணங்களில் ஈயம் கலந்திருக்கக்கூடும். வீட்டு வர்ணத்தில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்குமேல் இருக்கலாகாது என்று நம் நாட்டில் 2016-ல் விதி வகுத்தார்கள். 2017 நவம்பர் 1 முதல் அது அமலுக்கு வந்தது. அதற்கு முன்னால் அடித்த வர்ணத்தில் என்ன இருக்கிறதோ, யார் கண்டது? உலர்ந்த வர்ணத்தை உப்புத்தாளால் தேய்த்தால் தூள் பறக்கும். அது தரையில் படியும். தவழும் குழந்தை கையை ஊன்றி, அதே கையை வாயில் வைத்துக்கொள்ளும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கக் கூடியது.

ஆகவே, தண்ணீர் தெளித்து ஈரமாகத் தேய்க்கச் சொல்லுங்கள். நெருப்பால் பொசுக்கி எடுக்க விடாதீர்கள். அந்த இரண்டு நாளும் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வேறு வீட்டில் இருப்பது நல்லது. உதிர்ந்ததைக் கூட்டாமல், ஈரத் துணியால் துடைத்து எடுத்துக் கட்டிப் போடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை: ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. அது தானாகவே சூடேறித் தீப்பிடித்துக்கொள்ளும்! விரித்து வெளியே காயப் போடுங்கள். அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

எந்த மாதம் நல்லது?

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதே கதவுக்கும் அடித்துவிடுவது நம் வழக்கம். ஆனால் மார்கழியில், பெய்து ஓய்ந்த மழையின் ஈரம் மரத்தில் இன்னும் மிச்சம் இருக்கும். அதன்மேல் வர்ணம் பூசினால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகும். சுவரைப் பொங்கலுக்கு முடித்துக்கொண்டு, கதவு ஜன்னல்களை மாசி, பங்குனிக்குத் தள்ளிப் போடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு மனம் ஒரு நிலைக்கு வரவில்லையானால், எண்ணெயோ சாயமோ முதலில் பூசிப் பாருங்கள். பிடிக்காவிட்டால், அது நன்றாகக் காய்ந்த பிறகு, பிரைமர் கொடுத்து என்றைக்கு வேண்டுமானாலும் வர்ணம் அடித்துக்கொள்ளலாம். வர்ணம் அடித்துவிட்டு, "ஐயோ, தேக்கின் அழகு போயிற்றே!" என்று திரும்புவதானால், சுரண்டுகிற கூலி வர்ணத்தின் விலையைத் தாண்டிவிடும்!