மூளையின் கொழுப்பும் வேலூர் ஆய்வுக்கூடமும்

‘உனக்குக் கொழுப்பு கூடிப்போச்சு!’ எங்கள் புலாவ் செபாங் தோட்டப்புறங்களில் பெரியவர்கள் வாயில் அடிக்கடி வரும் ஏச்சு இது. உண்மையில் நம் எல்லாருக்குமே மூளையில் கொழுப்பு அதிகம்தான். நீரை நீக்கி நிறுத்தால் மூளையில் ஏறக்குறையப் பாதி கொழுப்பு! அது சும்மா கிடப்பதில்லை, நொதிகள் அதை ஓயாமல் கட்டியும் கழற்றியும் வருகின்றன என்பதைப் பல்கலைக்கழகம் வந்த பிறகே படித்தேன்.

மின்கம்பிக்கு ரப்பர் உறை போல, நரம்பிழைகளுக்கு மயலின் என்னும் கொழுப்புறை உண்டு. அதிலுள்ள ஒரு கொழுப்பின் பெயர் சல்ஃபடைடு. ஒரு நொதி சல்ஃபேட்டை ஒட்டி அதை உருவாக்குகிறது. அது பழையதானதும், செல்லின் லைசோசோம் பைக்குள் இருக்கும் அரைல்சல்ஃபடேஸ் ஏ என்னும் நொதி அந்தச் சல்ஃபேட்டைக் கழற்றுகிறது. பரீட்சைக்குப் படிக்கும் நாம் கட்டுவதைத்தான் மனனம் செய்கிறோம். கழற்றுவது நின்றுபோனால் என்ன ஆகும்?

சல்ஃபடைடு குப்பையாய்த் தேங்கி, உறையே சிதைந்துவிடும். நடக்கப் பழகிய குழந்தை தள்ளாடும். பிறகு பேச்சும் போகும். மெட்டாகுரோமெட்டிக் லூக்கோடிஸ்ட்ரோபி என்பது இந்நோயின் பெயர். இதில் குறைவது எந்த நொதி என்று காட்டிய 1963ஆம் ஆண்டுக் கட்டுரையில், அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜேம்ஸ் ஆஸ்டினோடு பி.கே. பச்சாவத், ஏ.எஸ். பாலசுப்பிரமணியன், டி.என். பட்டாபிராமன் ஆகியோர் பெயர்களும் உள்ளன. கல்கத்தாவில் பிறந்த பச்சாவத், வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் நரம்பு வேதியியல் ஆய்வுக்கூடத்தை வளர்த்தவர். அவரும் பாலசுப்பிரமணியனும் சல்ஃபடைடு உருவாகும் விதத்தை ஆட்டு மூளையில் ஆராய்ந்து 1965இல் வெளியிட்டார்கள். ஆம், நாம் பிரட்டித் தின்னும் அதே ஆட்டு மூளைதான்!

இது பரம்பரை நோய். தாய், தந்தை இருவரிடமும் பழுதான மரபணு ஒவ்வொன்று இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. பெற்றோர் நலமாகவே இருப்பார்கள். மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் மணம் முடிக்கும்போது ஒரே பழுது இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. நம் வீடுகளில் கல்யாணப் பேச்சு எடுக்கும்போது இதையும் பேசலாம் என்பது என் எண்ணம்.

நோயாளியின் இரத்தக் குருத்தணுக்களில் சரியான மரபணுவைப் புகுத்தும் சிகிச்சைக்கு 2020இல் ஐரோப்பிய ஒன்றியமும் 2024இல் அமெரிக்காவும் அனுமதி தந்தன. விலை மிகக் கடுமை. அதோடு, அறிகுறி தலைகாட்டுமுன் கொடுத்தால்தான் நல்ல பலன். மூத்த பிள்ளைக்கு நோய் என்று தெரிந்த பிறகே பெரும்பாலும் இளைய பிள்ளையைச் சோதிக்கிறார்கள்.