குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்

உணவுப்பாதையைத் தவிர்த்து மருந்தைச் சிறுகச் சிறுக உடலுக்குள் செலுத்தும் முறைகளுள், பேச்சுவழக்கில் நரம்பு எனப்படும் சிரையில் ஏற்றும் டிரிப்ஸ் பெருவழக்காக உள்ளது. தலசீமியா நோயாளியின் உடலில் மிகும் இரும்புச்சத்தை வெளியேற்றும் மருந்தைச் சிறு பம்பின் மூலம் தோலுக்கடியில் பல மணி நேரம் செலுத்துவதும், சிரை அகப்படாத அவசரத்தில் எலும்பு மஜ்ஜைக்குள் திரவம் ஏற்றுவதும் இவ்வகையினவே.

வாந்தி ஓயாதபோதும் இரத்த அழுத்தம் சரியும்போதும் உயிர்காக்கும் டிரிப்ஸ், சாதாரணக் காய்ச்சலுக்கும் களைப்புக்கும் ‘தெம்பு’ வேண்டிக் கேட்டுப் பெறப்படுவதே கவலைக்குரியது. ஐந்து விழுக்காட்டுக் குளுக்கோஸ் கரைசல் 500 மில்லிலிட்டரில் இருப்பது 25 கிராம் குளுக்கோஸ் மட்டுமே. வாயால் குடிக்க இயன்றவருக்கு அதைச் சிரைவழி கொடுப்பதால் கூடுதல் வலிமை ஏதும் வாய்ப்பதில்லை. 1971-இல் மேற்கு வங்கத்தின் பங்கான் அகதி முகாமில், சிரைவழித் திரவம் தீர்ந்துபோன நிலையில் மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்பு-சர்க்கரைக் கரைசலைக் குடிக்கக் கொடுத்தே காலரா நோயாளிகள் பலரைக் காப்பாற்றினார். கேட்கும் நோயாளியைவிட, கேட்டவுடன் ஏற்றுபவரே இவ்வழக்கம் நிலைப்பதற்கு மிகுதியும் பொறுப்பாவார்.

சிரையில் கலந்த மருந்தைத் திரும்ப எடுக்க இயலாது என்பதால், பிழையின் விளைவும் விரைந்து வரும். பொட்டாசியம் குளோரைடு வேகமாக ஏறினால் இதயத் துடிப்பு நின்றுவிடக்கூடும். டெங்குவிலிருந்து தேறும் கட்டத்தில் அளவு மீறிய திரவம் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத்திணறலை உண்டாக்கும். ஊசி குத்திய இடத்தில் வீக்கம், எரிச்சல், சிவப்பு ஆகியவையோ, ஏற்றும்போது குளிர்நடுக்கமோ அரிப்போ தோன்றினால், பாட்டில் தீரும்வரை பொறுத்திராமல் உடனே செவிலியரை அழைக்க வேண்டும். சொட்டு வேகத்தை உறவினர் தாமே கூட்டுவதும் குறைப்பதும் ஆபத்தானவை.

ஏற்றப்படும் மருந்து எது, எதற்காக, மாற்றுவழி உண்டா என்று அறிந்த பின்னரே இசைவு தருவது நோயாளியின் உரிமை. முந்தைய ஒவ்வாமையைத் தெரிவிப்பது அவர் கடமை. 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்திற்குள் மருத்துவப் பதிவுகள் தரப்பட வேண்டும். மருந்தின் பக்கவிளைவை 1800-180-3024 என்னும் கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம். கவனக்குறைவு எனக் கருதினால் மாநில மருத்துவ மன்றத்தில் முறையிடலாம். கட்டணம் பெறும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதால், நுகர்வோர் ஆணையத்தில் இழப்பீடும் கோரலாம். அனைவருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைகளுக்கு இவ்வழி பொருந்தாது. வழக்குக்குக் காரணமான நிகழ்விலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் பதிவாக வேண்டும் என்பதால், மருந்துச் சீட்டையும் ரசீதையும் வெளியேற்றச் சுருக்கத்தையும் அதுவரை பத்திரப்படுத்துவது அவசியம்.